கப்பலின் முதுகில் எழுதிய ஊர்

வாசகர் கேள்வி பதில்

சென்னையிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பல்களைப் பற்றியும், 2025-ல் வந்த புதிய வணிகக் கப்பல் சட்டத்தைப் பற்றியும் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருப்பதால் ஏழு கடிதங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். கப்பல் ஏஜென்சியில் பல வருடம் வேலை பார்த்தவன் நான், அதனால் இரண்டு மூன்று பதில்கள் நீண்டுவிட்டன.

கேள்வி: செய்திப் படங்களில் பார்க்கிறேன், சொகுசுக் கப்பல்களின் பின்புறத்தில் கப்பல் பெயருக்குக் கீழே நாசாவ், பனாமா, வல்லெட்டா, ஹாமில்டன் என்று ஏதாவது ஒரு ஊர் எழுதியிருக்கிறது. எல்லாக் கப்பலும் அங்கிருந்தா வருகிறது?
ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: இல்லை. அந்த ஊரை ஆயுசில் ஒரு தடவைகூடப் பார்க்காத கப்பல்கள் உண்டு. அது கப்பலைப் பதிவு செய்த ஊர். நம் வண்டியின் நம்பர் பிளேட்டில் டி.என். 01 என்று இருப்பது போல என்று சொல்லலாம், ஆனால் அந்த உதாரணம் பாதி தூரம்தான் வரும். உங்கள் வண்டி ஆந்திராவுக்குள் போனால் அங்கே உள்ள போலீஸ்தான், அங்கே உள்ள சட்டம்தான். நடுக்கடலில் ஓடும் கப்பலுக்கோ, எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாட்டுச் சட்டம்தான் கூடவே வரும். மாலுமிக்கு எத்தனை மணி நேர வேலை, கப்பலின் பாதுகாப்பை யார் சோதிப்பது, கப்பலுக்குள் குற்றம் நடந்தால் யார் விசாரிப்பது, கம்பெனி எங்கே வரி கட்டுவது, இதிலெல்லாம் அந்தக் கொடிக்குப் பங்கு இருக்கிறது.

சட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்று தெரிந்துவிட்டால் கம்பெனிகள் சும்மா இருக்குமா? 1922-ல் அமெரிக்காவில் மதுவிலக்கு அமலில் இருந்தது, அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலிலும் மது கூடாது. ரிலையன்ஸ், ரெசல்யூட் என்ற இரண்டு பயணிகள் கப்பல்களை வைத்திருந்த கம்பெனி, இரண்டையும் பனாமாவில் பதிவு செய்துவிட்டது. பனாமா கொடிக்கு மதுவிலக்கு கிடையாதே! வசதிக் கொடி என்று இன்று சொல்கிறோமே, அந்தப் பழக்கத்தின் தொடக்க நாட்களில் இப்படிப் பயணிகளுக்குக் குடிக்கக் கொடுப்பதற்காகவும் கொடி மாறியிருக்கிறது. கிட்டத்தட்ட 90 வருடம் கழித்து, 2011-ல், பிரிட்டனின் குனார்டு கம்பெனி குவீன் மேரி 2 உட்பட தன் மூன்று கப்பல்களையும் பெர்முடாவுக்கு மாற்றியது. அதற்குச் சொன்ன காரணம் கல்யாணம். பிரிட்டிஷ் கொடிக் கப்பலில் நடுக்கடலில் சட்டப்படி கல்யாணம் செய்து வைக்க முடியாது, பெர்முடா கொடியில் முடியும். சவுத்தாம்ப்டன் என்று எழுதியிருந்த இடத்தில் ஹாமில்டன் என்று மாற்றி எழுதினார்கள்.

கொடிக்கும் கப்பலுக்கும் உண்மையான தொடர்பு இருக்க வேண்டும் என்று ஐ.நா. கடல் சட்டத்தின் 91-ஆம் பிரிவு சொல்கிறது. எது உண்மையான தொடர்பு என்று அதில் விளக்கம் இல்லை. விளக்குவதற்காக 1986-ல் தனியாக ஓர் உடன்படிக்கையே எழுதினார்கள், போதுமான நாடுகள் சேராததால் அது அமலுக்கே வரவில்லை. இன்று லைபீரியா, பனாமா, மார்ஷல் தீவுகள் என்ற மூன்று கொடிகளின் கீழ் மட்டும் உலக வணிகக் கப்பல்களின் கொள்ளளவில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் ஓடுகிறது. சொகுசுக் கப்பல்களுக்கு பஹாமாஸ், பனாமா, பெர்முடா, மால்டா.

அடுத்த தடவை கப்பலில் ஏறப் போகும்போது பின்புறத்தை ஒரு பார்வை பாருங்கள். உங்களுக்கு ஏதாவது ஒன்று என்றால் எந்த நாட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருக்கும் என்பதில் பாதி அங்கேயே எழுதியிருக்கும்.

கேள்வி: புதிய சட்டத்தில் கப்பல் பதிவை எளிதாக்கிவிட்டார்கள் என்று படித்தேன். அப்படியென்ன மாறிவிட்டது? இதனால் சொகுசுக் கப்பல்கள் இந்தியக் கொடிக்கு வந்துவிடுமா?
கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: முதல் பாதிக்குப் பதில் எளிது தம்பி, இரண்டாவது பாதிதான் சிக்கல்.

இதுவரை இருந்தது 1958-ஆம் வருடத்து வணிகக் கப்பல் சட்டம். 2025 ஆகஸ்டில் இரு அவைகளிலும் நிறைவேறிய புதிய சட்டம் அதன் இடத்துக்கு வருகிறது. கூடவே கரையோரக் கப்பல் போக்குவரத்துக்கு ஒரு தனிச் சட்டமும், 1908-ஆம் வருடத்துத் துறைமுகச் சட்டத்துக்குப் பதிலாக ஒரு புதுச் சட்டமும் அதே மாதத்தில் நிறைவேறின. பதிவில் வந்த பெரிய மாற்றம் உரிமையாளர் பற்றியது. பழைய சட்டத்தில் கப்பல் முழுக்க முழுக்க இந்தியக் குடிமகனுக்கோ இந்தியக் கம்பெனிக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ சொந்தமாக இருந்தால்தான் இந்தியக் கப்பல். புதிய சட்டத்தில் பகுதி உரிமை இருந்தாலும் வழி உண்டு, எவ்வளவு பங்கு என்பதை அரசு அறிவிக்கையில் சொல்லும். வெளிநாட்டில் குடியேறி ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கும் நம் ஆட்களும் உரிமையாளராகலாம்.

அடுத்தது எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. பேர்போட் சார்ட்டர் என்று ஒரு முறை இருக்கிறது. ஆள் இல்லாமல் வெறும் கப்பலை மட்டும் நீண்ட கால வாடகைக்கு எடுத்து, நம் ஆட்களை ஏற்றி நாமே ஓட்டுவது, தவணை முடிந்ததும் கப்பல் நமக்கே சொந்தம் என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்வது. தவணையில் டிராக்டர் எடுப்பது மாதிரி. அப்படி எடுத்த கப்பலை, தவணை ஓடிக்கொண்டிருக்கும்போதே இந்தியக் கப்பலாகப் பதிவு செய்யப் புதிய சட்டம் இடம் கொடுக்கிறது. மொத்தப் பணத்தையும் முதலிலேயே போட முடியாத சின்னக் கம்பெனிக்கு இது பெரிய வாசல்.

இங்கே வ.உ.சி.யை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1906-ல் சுதேசி நாவாய்ச் சங்கம் தொடங்கியபோது அவரிடம் சொந்தக் கப்பல் கிடையாது, வாடகைக் கப்பலைத்தான் ஓட்டினார். வெள்ளைக்காரக் கம்பெனி கொடுத்த நெருக்கடியில் கப்பலைக் கொடுத்தவர்கள் ஒப்பந்தத்தை விட்டு விலகிக்கொண்டார்கள். தூத்துக்குடி–கொழும்பு பயணம் ஆட்டம் கண்டுவிட்டது. கப்பல் நம் பேரில் இல்லாத வரை இந்தத் தொழில் நம் கையில் இல்லை என்று அப்போதுதான் அலைந்து திரிந்து பணம் திரட்டி காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களை வாங்கினார்கள். கப்பல் யார் பெயரில் இருக்கிறது என்பது வெறும் காகித விவகாரம் இல்லை என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இப்போது உங்கள் இரண்டாவது பாதி. நம் நாட்டுக் கடல் வணிகத்தின் பெரும்பகுதியை வெளிநாட்டுக் கப்பல்கள்தான் சுமக்கின்றன. அதற்காக வருடத்துக்குச் சுமார் 6 லட்சம் கோடி ரூபாய் வெளியே போகிறது என்று பிரதமரே 2025 செப்டம்பரில் பாவ்நகரில் சொன்னார். உலகக் கப்பல் கொள்ளளவில் நம் கொடியின் பங்கு சுமார் 1 சதவீதம். உரிமையாளர் விதியைத் தளர்த்தினால் மட்டும் இது மாறிவிடாது. இந்தியக் கொடி ஏற்றினால் கப்பலை இறக்குமதி செய்யும்போது ஜி.எஸ்.டி., இங்கே வாங்கும் கடனுக்கு அதிக வட்டி. மாலுமிகளும் பெரும்பாலும் வெளிநாட்டுக் கொடியைத்தான் விரும்புகிறார்கள், வருடத்தில் பாதிக்கு மேல் அந்தக் கப்பலில் இருந்தால் என்.ஆர்.ஐ. கணக்கில் சம்பளத்துக்கு வரி விழாது. லாபத்தைப் பார்க்காமல் கப்பலின் கொள்ளளவை வைத்து வரி போடும் டன்னேஜ் வரிச் சலுகை 2004-ல் வந்தது. அதை எடுத்துக்கொள்ளும் இந்தியக் கம்பெனி, அதற்குப் பதிலாகப் பயிற்சி மாணவர்களைக் கப்பலில் ஏற்றிக் கற்றுக்கொடுக்க வேண்டும். நல்ல விதி, ஆனால் வெளிநாட்டுக் கொடிக்கு அந்தச் செலவும் இல்லை.

சொகுசுக் கப்பலில் இன்னும் ஒரு முரண் இருக்கிறது. வெளிநாட்டுக் கொடிக் கப்பல் ஒன்று கொஞ்ச காலம் நம் கரையோரமாக, அதாவது சென்னை–விசாகப்பட்டினம் மாதிரி, ஓட விரும்பினால் அதற்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, ஆறு மாதத்துக்குள் மறுபடி வெளிநாட்டுப் பயணத்துக்குத் திரும்பிவிட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. இந்தியாவில் சொகுசுக் கப்பல் நடத்தும் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு 2024 பட்ஜெட்டில் வருமான வரியையும் சுலபமாக்கினார்கள், பயணிகளிடம் வாங்கும் தொகையில் 20 சதவீதத்தை லாபம் என்று வைத்துக்கொண்டு அதற்கு மட்டும் வரி. கப்பலே வராத இடத்துக்குக் கப்பலை வரவழைக்க இதெல்லாம் தேவைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதே பட்ஜெட் உரையில்தான் உரிமை, குத்தகை, கொடி ஆகியவற்றில் சீர்திருத்தம் செய்து இந்தியக் கப்பல் துறையின் பங்கை உயர்த்தப் போவதாகவும் சொன்னார்கள். ஒரு கையால் இந்தியக் கொடிக்கு வா என்று கூப்பிட்டுக்கொண்டே, வெளிநாட்டுக் கொடியிலேயே சௌகரியமாக இரு என்று மறு கையால் நாற்காலி போட்டால் கம்பெனிக்காரர் எதைத் தேர்ந்தெடுப்பார்? வெளிநாட்டிலிருந்து வந்து ஒரு நாள் நின்றுவிட்டுப் போகும் கப்பலுக்குச் சலுகை இருக்கட்டும். வருடம் முழுக்கச் சென்னையிலேயே ஆள் ஏற்றி, சென்னையிலேயே ஆள் இறக்கும் கப்பலுக்கு மட்டும், இத்தனை வருடத்துக்குள் இந்தியப் பதிவுக்கு வந்துவிட வேண்டும் என்று ஒரு காலக்கெடு வைக்க வேண்டும். வெறும் கெடு மட்டும் போதாது, அந்தக் காலத்துக்குள் இங்கே உள்ள கடன் வட்டியையும் வரிச் சுமையையும் குறைத்துக் கொடுக்க வேண்டும்.

கேள்வி: 2022-ல் புதுச்சேரிக்கு வந்த சொகுசுக் கப்பலை உள்ளே விடவில்லை. பிறகு 2025-ல் மட்டும் எப்படி விட்டார்கள்? சூதாட்டம் பயம் போய்விட்டதா?
வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய கப்பல் புதுச்சேரிக் கடலில் வந்து நின்றும் அனுமதி கிடைக்கவில்லை, கப்பலில் உள்ள கேசினோ கலாச்சாரத்தைக் கெடுக்கும் என்ற எதிர்ப்பு அப்போது பலமாக இருந்தது. 2025 ஜூலையில் பயணிகள் இறங்கி ஊரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சொகுசுக் கப்பல்களில் கேசினோவைக் கரையிலிருந்து 12 கடல் மைல் எல்லையைத் தாண்டிய பிறகு திறப்பதுதான் பொதுவான வழக்கம், ஊருக்குள் இறங்குகிறவர் ஊரைப் பார்க்கத்தான் இறங்குகிறார். பயப்பட வேண்டியது கூட்டத்துக்கும் குப்பைக்கும். வெள்ளை நகரத்தின் தெருக்கள் ஏற்கெனவே சனி ஞாயிறில் திணறுகின்றன. வாரத்தின் நடுவில் கப்பல் வருகிற மாதிரி நாள் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: துறைமுகச் சுவரை ஒட்டித்தான் எங்கள் வீடு. கப்பலில் வருகிறவர்கள் பஸ்ஸில் ஏறி நேராக மகாபலிபுரம் போய்விடுகிறார்கள். கப்பல் சுற்றுலா வளர்ந்தால் வடசென்னைக்கு வளர்ச்சி என்கிறார்களே, எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?
வாசகர், ராயபுரம்

பதில்: வந்த கடிதங்களிலேயே என்னைத் தூங்கவிடாத கடிதம் உங்களுடையதுதான்.

நடந்ததைச் சொல்கிறேன். 2022 ஜூன் 4-ல் முதலமைச்சர் கொடியசைத்துச் சென்னையிலிருந்து எம்பிரஸ் என்ற சொகுசுக் கப்பல் கிளம்பியது. மறு வருடம் 2023 ஜூன் 5-ல் துறைமுகத்துக்குள் பன்னாட்டுப் பயணிகள் முனையம் திறந்தார்கள், 17.21 கோடி ரூபாயில், 2,880 சதுர மீட்டரில், 3,000 பேர் கொள்ளும் இடம். அன்றே அந்தக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்குக் கிளம்பிப் போனது. 2024 செப்டம்பரில் மத்திய அரசு குரூஸ் பாரத் மிஷன் அறிவித்து, 2029-க்குள் நாட்டின் கப்பல் பயணிகளை இரட்டிப்பாக்குவோம் என்றது. இதெல்லாம் நல்லது. ஆனால் முனையம் கட்டியதும் ஊருக்கு வருமானம் வந்துவிட்டதாக ஒரு நினைப்பு இருக்கிறது, அது தப்பு.

துறைமுகத்துக்கு இரண்டு விதமாகக் கப்பல் வரும். ஒன்று, போகிற வழியில் காலையில் வந்து சாயங்காலம் கிளம்பிவிடும் கப்பல். மற்றொன்று, இங்கேயே ஆள் ஏற்றி இங்கேயே இறக்கும் கப்பல், அதற்குச் சென்னை தாய்த் துறைமுகம். முதல் வகையில் பயணிக்கு எட்டு மணி நேரம்தான் கிடைக்கும், இமிக்ரேஷன் வரிசையும் துறைமுக வாசலின் கண்டெய்னர் லாரி நெரிசலும் அதில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். 55, 60 கிலோமீட்டர் தள்ளி மகாபலிபுரம் போய்த் திரும்பினால் நாள் முடிந்தது. கடலிலிருந்து இறங்கிய மனிதரை உங்கள் தெரு முனை வழியாகவே கண்ணாடி ஜன்னலுக்குள் வைத்துக் கொண்டுபோகிறார்கள்.

நான் ஏஜென்சியில் இருந்தபோது அப்படி ஒரு பஸ்ஸில் துணைக்குப் போயிருக்கிறேன். வயதான ஒரு தம்பதி, உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கோபுரங்களைக் காட்டி, இது என்ன அரண்மனையா, இறங்கிப் பார்க்கலாமா என்றார்கள். நேரமில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. திரும்பி வரும்போதும் நேரமில்லை. அந்த அம்மா பஸ் திரும்பும் வரை கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

துறைமுக வாசலிலிருந்து கொஞ்ச தூரத்துக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 1680-ல் கட்டிய தூய மேரி தேவாலயம் கோட்டைக்குள். 1892-ல் திறந்த உயர் நீதிமன்றம், அதன் தலையில் ஒரு கலங்கரை விளக்கம். அரண்மனைக்காரன் தெரு என்று நாம் சொல்லும் ஆர்மீனியன் தெரு, அங்கே ஆர்மீனியர்களின் 1772-ஆம் வருடத்து மாதா கோயில். பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தவர்கள் பிழைப்புக்காகப் போட்ட பர்மா பஜார். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய ராயபுரம் ஸ்டேஷன், உங்கள் வீட்டுப் பக்கம். காசிமேட்டு மீன் ஏலம். வெளியூர்க்காரர் காசு கொடுத்துப் பார்க்க விரும்புவது இந்த மாதிரி உயிரோடு இருக்கும் ஊரைத்தான். அதற்குத் தேவை, துறைமுக வாசலிலிருந்து நடந்து போகிற மாதிரி ஒரு நிழலான நடைபாதை, சுத்தமான கழிப்பறை, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த, இரண்டு மொழி பேசும் பிள்ளைகள் வழிகாட்டிகளாக. முனையம் கட்டியதில் சிறு பங்கு செலவு போதும்.

அப்புறம், பயணிகளை மட்டும் பார்த்தால் போதாது. பெரிய சொகுசுக் கப்பலில் நூற்றுக்கணக்கில் வேலையாட்கள் இருப்பார்கள். ஷோர் பாஸ் வாங்கிக்கொண்டு இறங்கும் மாலுமி மகாபலிபுரம் போவதில்லை. சிம் கார்டு, வீட்டுக்குப் பணம் அனுப்பும் இடம், ஒரு பிரியாணி, ஒரு சலூன் என்று பக்கத்துத் தெருவில்தான் செலவு செய்வான். தாய்த் துறைமுகமாக இருந்தால் காய்கறி, முட்டை, மீன், தண்ணீர், துணி சலவை, சின்னச் சின்ன ரிப்பேர் எல்லாமே இங்கே நடக்கும். காசிமேட்டில் காலையில் ஏலம் போகும் மீன் மத்தியானம் கப்பலுக்குள் போக முடியும், ஆனால் கப்பலுக்கு மீன் கொடுக்கத் தரச் சான்றும் ஐஸ் உருகாத வண்டியும் வேண்டும். மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு அதைச் செய்துகொடுப்பது அரசின் வேலை. இங்கேதான் கப்பல் பதிவும் உங்கள் தெருவும் சந்திக்கின்றன. இந்தியக் கொடிக் கப்பலாக இருந்தால் மாலுமிகளில் பெரும்பாலோர் இந்தியர், பயிற்சிக்கு ஏறுகிற பிள்ளைகள் இந்தியர், ராயபுரத்துப் பையனுக்கு அந்தக் கப்பலில் ஒரு இடம் கேட்க நமக்கு வாய் இருக்கும். வெளிநாட்டுக் கொடியில் அது கம்பெனியின் இஷ்டம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். துறைமுகச் சுவர் கடலுக்குள் எழுந்த பிறகுதான் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது, வடக்கே உங்கள் பக்கத்தைக் கடல் தின்றது. இந்தத் துறைமுகத்துக்காக வீடு இழந்தவர்கள் வடசென்னைக்காரர்கள். துறைமுகத்தில் ஒரு புது வருமானம் வரும்போது முதல் பங்கை அவர்கள் கேட்பதில் என்ன தவறு? கேளுங்கள். வார்டு சபையில் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: என் கணவர் ஒரு சரக்குக் கப்பலில் இருக்கிறார், வெளிநாட்டுக் கொடி. மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை. கேட்டால் அடுத்த துறைமுகத்தில் தருகிறோம் என்கிறார்களாம். புதிய சட்டத்தில் எங்களுக்கு ஏதாவது வழி உண்டா?
பெயர் வேண்டாம், தூத்துக்குடி

பதில்: சகோதரி, புதிய சட்டம் வரை போக வேண்டாம், இருக்கிற சட்டத்திலேயே வழி இருக்கிறது. காத்திருக்காமல் இன்றே தொடங்குங்கள்.

கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006 என்று ஒன்று உண்டு, இந்தியா 2015-ல் அதில் சேர்ந்தது. இரண்டு மாதமாவது ஒப்பந்தச் சம்பளம் தராமல் விட்டாலே மாலுமியைக் கைவிட்டதாகத்தான் கணக்கு. அப்படிக் கைவிட்டால் ஊர் திரும்பும் செலவையும் நான்கு மாதச் சம்பளம் வரையும் கொடுப்பதற்கு முன்கூட்டியே இன்சூரன்ஸ் மாதிரி ஒரு நிதி உத்தரவாதம் இருக்க வேண்டும் என்பது 2017 முதல் விதி. அந்தச் சான்றிதழ் கப்பலுக்குள் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டியிருக்கும். அதில் உள்ள நிறுவனத்தின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, வேலை நேரக் குறிப்பு எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.

அவரை ஏற்றிவிட்ட ஏஜென்சிக்கு, மாலுமிகளை வேலைக்கு அனுப்ப அரசு கொடுக்கும் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவர்கள் பேரில் கப்பல் போக்குவரத்து தலைமை இயக்குநரகத்துக்குப் புகார் கொடுக்கலாம். ஐ.டி.எஃப். என்ற பன்னாட்டுத் தொழிற்சங்கத்தின் ஆய்வாளர்கள் நம் துறைமுகங்களிலும் இருக்கிறார்கள், அவர்கள் பணம் கேட்க மாட்டார்கள். இன்னொரு பலமான ஆயுதமும் உண்டு. மாலுமியின் சம்பளப் பாக்கி கப்பலின் மேலேயே நிற்கும் கடன். 2017-ஆம் வருடத்து அட்மிரால்டி சட்டப்படி, அந்தக் கப்பல் தமிழகத் துறைமுகம் எதற்காவது வந்தால் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனு போட்டு கப்பலையே பிடித்து வைக்க முடியும், எந்த நாட்டுக் கொடியாக இருந்தாலும் சரி. அதனால் அடுத்த துறைமுகம் எது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கணக்குத் தீராமல் எல்லாம் வாங்கிக்கொண்டேன் என்ற காகிதத்தில் மட்டும் அவர் கையெழுத்துப் போடக் கூடாது.

இந்திய மாலுமிகளில் சுமார் 85 சதவீதம் பேர் வெளிநாட்டுக் கொடிக் கப்பல்களில்தான் இருக்கிறார்கள், அவர்களையும் நம் சட்டத்தின் நலப் பாதுகாப்புக்குள் கொண்டுவருவது புதிய சட்டத்தில் எனக்குப் பிடித்த அம்சம். அது நடைமுறையில் எப்படி வருகிறது என்று பார்த்து எழுதுகிறேன். அவர் நல்லபடியாக வீடு திரும்பியதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

கேள்வி: 2025 மே மாதம் கொச்சிக்கு அருகில் மூழ்கிய கப்பலிலிருந்து எங்கள் கரைக்கு வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் மணிகள் வந்து ஒதுங்கின. அது லைபீரியக் கொடிக் கப்பல். இந்தியக் கொடியாக இருந்தால் இப்படி நடந்திருக்காதா?
வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற அந்தக் கப்பல் 640 கண்டெய்னர்களோடு மூழ்கியது, அதன் மணிகளை உங்கள் ஊர்க் கரைகளில் பிள்ளைகள்கூடக் குனிந்து பொறுக்கியதைப் படங்களில் பார்த்தேன். ஆனால் 2017 ஜனவரி 28-ல் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதே, ஞாபகம் இருக்கிறதா? இளைஞர்கள் வாளியால் அள்ளினார்களே, அதில் ஒன்று ஐல் ஆஃப் மேன் கொடி, மற்றொன்று இந்தியக் கொடிக் கப்பல்தான், பெயர் டான் காஞ்சிபுரம். பராமரிப்பும் கண்காணிப்பும் சரியாக இல்லாவிட்டால் எந்தக் கொடியும் கடலைக் காப்பாற்றாது.

ஆனாலும் விபத்துக்குப் பிறகு யாரைப் பிடிப்பது என்பதில் வித்தியாசம் உண்டு. கப்பல் ஒரு நாட்டில் பதிவு, சொந்தக்காரக் கம்பெனி இன்னொரு நாட்டில், நடத்துவது மூன்றாவது நாட்டில் என்றால் நஷ்டஈடு கேட்டே வருடங்கள் ஓடிவிடும். கேரள அரசு இதில் 9,531 கோடி ரூபாய் கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போய், அதே குழுமத்தின் வேறொரு கப்பலை விழிஞ்ஞத்தில் பிடித்து வைக்க உத்தரவு வாங்கியது. மேலே தூத்துக்குடிச் சகோதரிக்குச் சொன்ன அதே அட்மிரால்டி சட்டம்தான். நம் கரையில் மணி பொறுக்கிய நாட்களுக்கும் கடலுக்குப் போகாமல் நின்ற மீனவரின் நாட்களுக்கும் கணக்கு எழுதி வைத்திருக்கிறீர்களா? கடலோரக் கிராமம் ஒவ்வொன்றும் தேதி போட்டு, படத்தோடு, எழுதி வைக்க வேண்டும்.

கேள்வி: என் தகப்பனார் ரஜூலா கப்பலில் பினாங்குக்குப் போனவர். நான் சின்ன வயதில் எம்.வி. சிதம்பரத்தில் சிங்கப்பூர் போய் வந்தேன். அந்த மாதிரிக் கப்பல் இனி வருமா?
வாசகர், காரைக்குடி

பதில்: ஐயா, நீங்கள் சொன்ன இரண்டு கப்பலிலும் ஒரு கதை இருக்கிறது. ரஜூலா 1926-ல் கட்டியது, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியுடையது, வ.உ.சி.யை நெருக்கிய அதே கம்பெனி. அரை நூற்றாண்டுக்குக் கிட்ட நம் ஆட்களை மலாயாவுக்கு ஏற்றிக்கொண்டு போனது. சிதம்பரம் நம் இந்தியக் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் கப்பல், இந்தியக் கொடி. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பல உயிர்கள் போயின, அத்தோடு அந்தப் பயணம் நின்றுவிட்டது. அதற்குள் விமானமும் வந்துவிட்டிருந்தது.

ஊருக்கு ஊர் ஆள் கொண்டுபோகும் அந்த மாதிரிக் கப்பல் சிங்கப்பூருக்குத் திரும்ப வரும் என்று நான் நம்பவில்லை. நாலரை மணி நேர விமானத்தோடு ஒரு வாரக் கப்பல் போட்டி போட முடியாது. ஆனால் கப்பல் பயணம் அடியோடு போய்விடவில்லை. நான்கவுரி, ஸ்வராஜ் தீப் போன்ற கப்பல்கள் சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே ஓடுகின்றன, மூன்று நாள், சாதாரண ஜனங்கள் பெட்டி படுக்கையோடு போகும் கப்பல். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் செரியபாணி ஓடி நின்றது, 2024 ஆகஸ்டில் சிவகங்கை வந்தது, சுமார் நாலு மணி நேரம். சொகுசுக் கப்பலுக்குக் காட்டும் அக்கறையில் கொஞ்சத்தை இந்தக் கப்பல்களுக்கும் காட்டினால், உறவு பார்க்கப் போகிறவரும் வியாபாரத்துக்குப் போகிறவரும் வாழ்த்துவார்கள்.

உங்கள் தகப்பனாரின் கப்பல் டிக்கெட்டோ டிரங்குப் பெட்டியில் ஒட்டிய சீட்டோ வீட்டில் இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் ஐயா. சிதம்பரத்தின் பின்புறம் எந்த ஊர் எழுதியிருந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருந்தால் அதையும் எழுதுங்கள்.